கம்பெனிகளிடம் வரி வாங்கிய வாத்தியாரம்மா

சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள் என்று கேட்டால், பணம் இல்லை என்று பதில் வரும். இது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். பணம் இல்லை என்றதும் சிலர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர் கொடி பிடிப்பார்கள்.

அமெரிக்காவில் ஓர் ஆசிரியை வேறொரு காரியம் செய்தார். பணம் ஏன் இல்லை என்று கேட்டார். வரிக் கணக்குகளைப் புரட்டினார். கட்டவேண்டிய வரியைக் கட்டாமல் இருந்த பெரிய கம்பெனிகளைக் கண்டுபிடித்தார். விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனார். வரியை வசூலிக்கவும் வைத்தார்!

அவர் பெயர் மார்கரெட் ஹேலி. அவர் வாழ்ந்த ஊர் சிகாகோ.

சிகாகோ நமக்குப் புதிய பெயர் அல்ல. 8 மணி நேர வேலை கேட்டு 1886-ம் ஆண்டில் தொழிலாளர்கள் கிளர்ச்சி செய்தது அந்த நகரத்தில்தான். 1893-ம் ஆண்டில் விவேகானந்தர் சர்வமத மகாசபையில் முழங்கியதும் அங்கேதான். அந்த நாட்களில் அதே நகரத்தின் ஏழைப் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், 6-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் ஹேலி. பிற்காலத்தில் நகரத்தின் பெரிய மனிதர்கள் தன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள் என்று அப்போது அவருக்கே தெரியாது.

பிறப்பு

மார்கரெட் ஹேலி 1861-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள ஜோலியட் என்ற ஊரில் பிறந்தார். ஐரிஷ் வம்சம். கத்தோலிக்கக் குடும்பம். வீடு நிறையக் குழந்தைகள்.

தந்தை உழைப்பாளி. கல் குவாரி வேலையிலும் கட்டட வேலையிலும் ஈடுபட்டவர். தொழிலாளர் சங்கத்தில் பற்று உள்ளவர். பெண்களுக்கும் உரிமை வேண்டும் என்ற எண்ணம் கொண்டவர்.

ஒருமுறை அவர் குழந்தைகளை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே பேசியவர், பெண்களின் ஓட்டுரிமைக்காகப் பாடுபட்ட சூசன் அந்தோணி அம்மையாரைக் கேலி செய்தார். உடனே தந்தை எழுந்தார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இந்த நிகழ்ச்சி மகளின் மனத்தில் கல்லில் எழுதியதுபோல் பதிந்துவிட்டது. முதுமையிலும் அவர் அதை மறக்கவில்லை.

தந்தையின் தொழில் நொடித்தது. குடும்பத்துக்குக் கை கொடுக்க யாராவது சம்பாதிக்க வேண்டும். மார்கரெட்டுக்கு அப்போது வயது 16. கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை ஆனார்.

மாட்டுத்தொட்டிப் பள்ளிக்கூடம்

சில ஆண்டுகளில் அவர் சிகாகோவுக்கு வந்தார். 1884-ம் ஆண்டில் ஹென்ட்ரிக்ஸ் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளி இருந்த இடம் சிகாகோவின் மாட்டுத்தொட்டிப் பகுதி. நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஆடு மாடுகளும் பன்றிகளும் ரெயிலில் வந்து இறங்கும். இறைச்சிக் கம்பெனிகளின் கூடங்கள் வரிசையாக நிற்கும். காற்றில் எப்போதும் நாற்றம். அங்கே கூலி வேலை பார்த்தவர்கள் அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் ஹேலியின் மாணவர்கள்.

ஒரு வகுப்பில் 50, 60 குழந்தைகள். பல குழந்தைகளுக்கு ஆங்கிலம் சரியாக வராது. படிப்பை முடிக்கும் முன்பே பலர் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தப் பிள்ளைகளிடையே ஹேலி 16 ஆண்டுகள் உழைத்தார்.

சம்பளம் எவ்வளவு? தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 500 டாலர் அளவுதான். பல ஆண்டுகள் வேலை பார்த்தாலும் சுமார் 800 டாலரைத் தாண்டுவது கடினம். 1877-ம் ஆண்டில் இருந்து 20 ஆண்டுகளாகச் சம்பள உயர்வே கிடையாது. நகரம் பல மடங்கு பெருத்துவிட்டது. வீட்டு வாடகை ஏறிவிட்டது. ஆசிரியையின் சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

இன்னொரு கொடுமையும் உண்டு. தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்களுக்கு அப்போது சட்டசபைத் தேர்தலிலும் மேயர் தேர்தலிலும் ஓட்டு இல்லை! ஓட்டு இல்லாதவர்களின் குறையை எந்த அரசியல்வாதி காது கொடுத்துக் கேட்பான்?

சங்கம் பிறந்தது

1895-ம் ஆண்டில் இல்லினாய்ஸ் சட்டசபை, சிகாகோ ஆசிரியர்களுக்குப் பென்ஷன் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிடித்து, அந்தப் பணத்தை நிதியாகச் சேர்த்து, வயதான காலத்தில் பென்ஷன் கொடுப்பது என்பது ஏற்பாடு. இந்தச் சட்டத்தை மாற்றுவதற்குச் சில முயற்சிகள் நடந்தன. பென்ஷனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆசிரியைகள் ஒன்று கூடினார்கள்.

1897-ம் ஆண்டு மார்ச் மாதம் சிகாகோ ஆசிரியர் சம்மேளனம் பிறந்தது. விரைவிலேயே நகரத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்துவிட்டார்கள்.

சம்மேளனத்தின் தலைவியாக 1899-ல் வந்தவர் கேதரின் காகின். அவரும் ஐரிஷ் வம்சத்துப் பெண். ஹேலியும் காகினும் இணைபிரியாத தோழிகள் ஆனார்கள். காகின் அமைதியானவர். நகைச்சுவையாகப் பேசி எதிரியையும் சிரிக்க வைப்பார். ஹேலி நெருப்பு. உருவம் சிறியது. குரல் பெரியது. ஒரு காரியத்தைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்!

சம்மேளனம் சம்பள உயர்வு கேட்டது. கல்வி போர்டு இணங்கியது. மூன்று ஆண்டுகளில் படிப்படியாகச் சம்பளத்தை உயர்த்துவதாக உறுதி கூறியது. முதல் தவணை வந்தது. ஆசிரியைகள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கஜானாவில் பணம் இல்லை என்று சொல்லி, கொடுத்த வாக்கைப் போர்டு திரும்பப் பெற்றுக்கொண்டது.

பணம் எங்கே?

1900-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஹேலியும் காகினும் பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்தார்கள். வரி இலாகாவின் கணக்குகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள்.

சிகாகோவில் பள்ளிக்கூடம் நடப்பது சொத்து வரியில். குடிசை வைத்திருப்பவன் வரி கட்டுகிறான். சிறு கடைக்காரன் கட்டுகிறான். ஆசிரியையின் தகப்பனாரும் கட்டுகிறார். எல்லோரும் கட்டியும் பணம் போதவில்லை என்றால், யாரோ கட்டவில்லை என்றுதானே பொருள்?

கட்டாதவர்கள் யார் என்று தெரிந்தது. டிராம் கம்பெனிகள், காஸ் கம்பெனி, மின்சாரக் கம்பெனி, டெலிபோன் கம்பெனி!

இந்தக் கம்பெனிகள் வரியே கட்டாதவை அல்ல. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கட்டின. ஆனால் அவற்றின் மிகப் பெரிய சொத்து, கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதற்கு வரி கட்டவில்லை.

அது என்ன கண்ணுக்குத் தெரியாத சொத்து?

ஊர்க் குளத்தில் மீன் பிடிக்க ஒருவன் குத்தகை எடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய வலைக்கும் ஓடத்துக்கும் விலை சொற்பம்தான். வேறு யாரும் அந்தக் குளத்தில் வலை போட முடியாது என்ற உரிமை இருக்கிறதே, அதுதான் அவனுக்குப் பெரிய சொத்து. நகரத்துத் தெருக்களில் தண்டவாளம் போடவும், குழாய் புதைக்கவும், கம்பி இழுக்கவும் கம்பெனிகளுக்கு அப்படி உரிமை கொடுக்கப்பட்டிருந்தது. தெருக்கள் பொதுமக்களுக்குச் சொந்தம். உரிமையால் வரும் லாபம் கம்பெனிகளுக்கு.

அந்த உரிமைக்கும் வரி போட வேண்டும் என்று இல்லினாய்ஸ் சட்டத்திலேயே இருந்தது. கணக்குப் போடும் முறையும் இருந்தது. கம்பெனியின் பங்குகளுக்குச் சந்தையில் என்ன விலை என்று பார்க்க வேண்டும். கடன் பத்திரங்களின் மதிப்பைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சொத்துகளின் மதிப்பைக் கழிக்க வேண்டும். மீதிதான் உரிமையின் மதிப்பு. இந்த வேலையைச் செய்ய வேண்டியது தலைநகரமான ஸ்பிரிங்பீல்டில் இருந்த மாநில வரி மதிப்பீட்டு வாரியம். வாரியம் அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவைத்திருந்தது.

ஆசிரியைகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வரி போடாமல் விடப்பட்ட சொத்தின் மதிப்பு 20 கோடி டாலருக்கும் மேல்!

வாரியம் கையை விரித்தது

ஹேலியும் காகினும் ஸ்பிரிங்பீல்டுக்குப் போனார்கள். புள்ளி விவரங்களை வாரியத்தின் முன் வைத்தார்கள். வாரியம் அசையவில்லை. பள்ளி ஆசிரியைகளுக்கு வரிக் கணக்கு என்ன தெரியும் என்ற அலட்சியம்!

சம்மேளனம் கோர்ட்டுக்குப் போனது. ஐசையா கிரீனேக்கர் என்ற வக்கீல் ஆசிரியைகளுக்குத் துணை நின்றார். சட்டப்படி செய்ய வேண்டிய வேலையைச் செய்யுமாறு வாரியத்துக்கு உத்தரவிட வேண்டும் என்று வழக்கு. கீழ்க்கோர்ட்டில் ஆசிரியைகளுக்கு வெற்றி. கம்பெனிகள் விடவில்லை. வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1901-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கேயும் ஆசிரியைகளுக்கே வெற்றி!

நகரமே வியந்தது. ஓட்டுப் போட உரிமை இல்லாத பெண்கள், ஊரையே ஆட்டிப்படைத்த கம்பெனிகளை மண்டியிட வைத்துவிட்டார்கள்.

ஆனால் முழு வெற்றி கிடைக்கவில்லை. கம்பெனிகள் மத்திய சர்க்காரின் கோர்ட்டுக்குப் போய் வரித் தொகையைக் குறைத்துக்கொண்டன. மற்றவர்களுக்குப் போட்டதைவிட அதிக வீதத்தில் தங்களுக்கு வரி போட்டுவிட்டார்கள் என்பது அவற்றின் வாதம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் 1907-ம் ஆண்டில் அந்த வாதத்தை ஏற்றது. அப்படியும் சுமார் 6 லட்சம் டாலர் வசூல் ஆயிற்று. அதில் சுமார் இரண்டரை லட்சம் டாலர் கல்வி போர்டுக்கு வந்தது.

இனிச் சம்பளம் கிடைக்கும் என்று ஆசிரியைகள் எதிர்பார்த்தார்கள். போர்டு என்ன செய்தது? வந்த பணத்தை நிலக்கரி வாங்கவும் கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் ஒதுக்கியது!

மீண்டும் வழக்கு. இம்முறை போர்டின் மேலேயே வழக்கு. நீதிபதி எட்வர்ட் டன் 1904-ம் ஆண்டில் ஆசிரியைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறினார். நிறுத்தி வைத்த சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே அந்த நீதிபதி சிகாகோவின் மேயர் ஆனார். ஏழைகளுக்குத் தொண்டு செய்து புகழ் பெற்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையாரைக் கல்வி போர்டில் நியமித்தார்.

ஹேலி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. சம்மேளனத்தின் முழு நேர ஊழியர் ஆகிவிட்டார். திருமணம் செய்துகொள்ளவும் இல்லை.

தொழிலாளரோடு கைகோர்ப்பு

1902-ம் ஆண்டு நவம்பரில் சம்மேளனம் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தது. சிகாகோ தொழிற்சங்க சம்மேளனத்தில் சேர்ந்தது. இறைச்சி வெட்டுபவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் இருந்த அமைப்பில் பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்தார்கள்.

காரணம் தெளிவு. பெண்களுக்கு ஓட்டு இல்லை. தொழிலாளிகளுக்கு ஓட்டு இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள்தான் ஆசிரியைகளிடம் படித்தார்கள்.

எதிர்ப்புப் பலமாகக் கிளம்பியது. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது, ஆசிரியை ஒரு கட்சியோடு சேரலாமா என்று சிலர் கேட்டார்கள். ஆசிரியைக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி அல்ல, வரி கட்டும் மக்கள். அந்த மக்களை எதிர்த்துச் சங்கம் வைப்பது நியாயமா என்று வேறு சிலர் கேட்டார்கள். இந்தக் கேள்விகளை வெறும் விரோதம் என்று தள்ளிவிட முடியாது. தனியார் ஆலை நஷ்டப்பட்டால் மூடிவிடலாம். பள்ளிக்கூடத்தை மூட முடியுமா? சம்பளம் கூடினால் யாராவது கூடுதல் வரி கட்டித்தானே ஆகவேண்டும்?

ஹேலியின் பதில் அவருடைய செயலில் இருந்தது. வரி கட்டும் ஏழையிடம் மேலும் கேட்கவேண்டியது இல்லை, கட்டாத பணக்காரனிடம் வாங்கினால் போதும் என்பது அவர் கொள்கை.

அவர் பார்வை பள்ளி நிலங்களின் மேலும் விழுந்தது. அமெரிக்காவில் நிலத்தை அளந்தபோது, 36 பங்கில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கென்று ஒதுக்கினார்கள். சிகாகோவில் அந்தப் பங்கு நகரத்தின் நடுமையத்தில் அமைந்தது. தங்கச் சுரங்கம் போன்ற இடம்! ஆனால் 1833-ம் ஆண்டிலேயே அதில் பெரும் பகுதியை மலிவாக விற்றுவிட்டார்கள். மிஞ்சியதைக் குத்தகைக்கு விட்டார்கள். சிகாகோ டிரிப்யூன் என்ற பெரிய பத்திரிகையின் கட்டடம் இருந்த இடமும் பள்ளி நிலம்தான். 10 ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தலாம் என்று இருந்த விதி 1895-ல் நீக்கப்பட்டது. 1985-ம் ஆண்டு வரை குத்தகை!

இதை எதிர்த்து ஹேலி ஓயாமல் பிரசாரம் செய்தார். குத்தகையை அசைக்க முடியவில்லை. பத்திரிகையின் பகைதான் மிச்சம். அவரைச் சண்டைக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அதற்குக் கவலைப்படவில்லை.

பேசக்கூடாத இடத்தில் பேசினார்

நாடு முழுவதற்குமான கல்விச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் மகாநாடுகளில் கல்லூரித் தலைவர்களும் கல்வி அதிகாரிகளும் பேசுவார்கள். ஆசிரியைகள் கைதட்டுவார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

1901-ம் ஆண்டில் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த மகாநாட்டில் ஹேலி எழுந்து நின்றார். பெரிய அதிகாரியான வில்லியம் ஹாரிஸ் சொன்னதை மறுத்துப் பேசினார். கோடீசுவரர்களின் நன்கொடையை நம்பிப் பள்ளிகள் வாழக்கூடாது என்றார். சபையே திகைத்தது. களைத்துப்போன ஓர் ஆசிரியையின் வார்த்தை என்று ஹாரிஸ் அதை ஒதுக்கப் பார்த்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1904-ல் செயின்ட் லூயிஸ் மகாநாட்டில் ஹேலி மேடை ஏறியே பேசினார். ஆசிரியர்கள் ஏன் ஒன்றுசேர வேண்டும் என்பது பேச்சின் பொருள். அதிகாரி சொன்னபடி இயந்திரம்போல் வேலை செய்யும் ஆசிரியையால் சுதந்திரமாகச் சிந்திக்கும் குழந்தைகளை வளர்க்க முடியாது என்பது அந்தப் பேச்சின் சாரம்.

1909-ல் எல்லா பிளாக் யங் என்ற அம்மையார் சிகாகோ பள்ளிகளின் தலைமை அதிகாரி ஆனார். பெரிய நகரம் ஒன்றில் அந்தப் பதவியை வகித்த முதல் பெண்மணி அவர்தான். 1910-ல் அவரையே தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஹேலி ஒருவர். 1913-ல் இல்லினாய்ஸ் பெண்களுக்கு நகரத் தேர்தல்களில் ஓட்டுரிமையும் வந்தது.

68 பேருக்குச் சீட்டு கிழிந்தது

ஏற்றத்துக்குப் பின் இறக்கம் வந்தது.

1915-ம் ஆண்டு செப்டம்பரில், கல்வி போர்டில் இருந்த ஜேக்கப் லோப் என்பவர் ஒரு விதி கொண்டு வந்தார். தொழிற்சங்கத்தோடு சேர்ந்த அமைப்பில் ஆசிரியர்கள் உறுப்பினராக இருக்கக்கூடாது. ஆசிரியர் அல்லாதவரைச் சம்பளம் கொடுத்து ஊழியராக வைத்திருக்கும் சங்கத்திலும் இருக்கக்கூடாது. இந்த இரண்டாவது பகுதி ஹேலியைக் குறிவைத்து எய்த அம்பு!

ஆசிரியைகள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1916-ம் ஆண்டு ஜனவரியில், தெருவைக் கடந்த கேதரின் காகின் லாரி மோதி இறந்துபோனார். ஹேலிக்குப் பாதி உயிர் போனதுபோல் ஆயிற்று. ஆனால் துக்கம் காக்க நேரம் இல்லை.

அந்தக் காலத்தில் ஆசிரியர் வேலை ஓர் ஆண்டு ஒப்பந்தம்தான். ஒவ்வொரு கோடையிலும் போர்டு கூடி, அடுத்த ஆண்டுக்கு மறுபடி நியமிக்க வேண்டும். பெயர் விட்டுப்போனால் வேலை போயிற்று. காரணம் சொல்ல வேண்டியது இல்லை.

1916 ஜூன் மாதம் 68 ஆசிரியர்களின் பெயரைப் போர்டு விட்டுவிட்டது. அவர்களில் 38 பேர் ஹேலியின் சம்மேளனத்தைச் சேர்ந்தவர்கள். பாடம் நடத்துவதில் நல்ல பெயர் எடுத்தவர்களும் தப்பவில்லை.

அதே ஆண்டில்தான் சிகாகோவில் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் என்ற நாடு தழுவிய தொழிற்சங்கம் தொடங்கப்பட்டது. ஹேலியின் சங்கம் அதன் முதலாம் எண் கிளை. முதல் கிளைக்கே ஆபத்து வந்துவிட்டது!

1917-ல் மாநில சுப்ரீம் கோர்ட்டு போர்டின் பக்கம் தீர்ப்பளித்தது. யாரை வேலைக்கு வைப்பது, யாரை வைக்காமல் இருப்பது என்பது போர்டின் இஷ்டம் என்று சொல்லிவிட்டது.

ஹேலியின் முன் இரண்டு வழிகள் இருந்தன. தொழிலாளர்களோடு கொண்ட உறவைக் காப்பாற்றலாம். வேலை இழந்தவர்கள் தெருவில் நிற்பார்கள். அல்லது உறவை விட்டுக்கொடுத்து அவர்களைக் காப்பாற்றலாம். 15 ஆண்டு உறவு. அவரே கட்டி வளர்த்த உறவு.

அவர் உறவை விட்டுக்கொடுத்தார். 1917 மே மாதம் ஆசிரியைகளின் சங்கம் தொழிற்சங்க அமைப்புகளில் இருந்து விலகியது. நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அதே ஆண்டில் ஓடிஸ் சட்டம் என்ற புதிய சட்டம் வந்தது. மூன்று ஆண்டுகள் தகுதி பார்க்கும் காலம். அதை முடித்தவர்களைத் தக்க காரணம் காட்டி, விசாரணை நடத்திய பிறகுதான் நீக்கலாம். ஓர் ஆண்டு ஒப்பந்தம் ஒழிந்தது. வேலைக்கு உறுதி வந்தது. தோல்வியின் மடியில் ஒரு வெற்றி!

தானே மூட்டிய நெருப்பு

1920-களின் பின்பகுதியில் ஹேலி மீண்டும் வரிக் கணக்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 65-க்கும் மேல். சிகாகோவில் சொத்து மதிப்பீடு ஒரே ஊழலாக இருந்தது. அரசியல்வாதிகளின் தயவு உள்ளவனுக்குக் குறைந்த வரி. தயவு இல்லாதவனுக்கு அதிக வரி. எல்லாச் சொத்தையும் புதிதாக மதிப்பிட வேண்டும் என்று ஆசிரியைகளின் சங்கம் போராடியது. மாநில வரிக் கமிஷன் 1928-ல் மறு மதிப்பீட்டுக்கு உத்தரவிட்டது.

நியாயமான கோரிக்கைதான். ஆனால் வேளை தவறிவிட்டது.

மறு மதிப்பீடு முடியும் வரை வரிச் சீட்டுகள் அனுப்ப முடியவில்லை. வசூல் தடைபட்டது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பெரும் பொருளாதார மந்தம் பிடித்துக்கொண்டது. வேலை இல்லை, வாடகை வரவில்லை. வீட்டுக்காரர்களும் நிலக்காரர்களும் வரி கட்ட மறுத்துச் சங்கம் சேர்ந்தார்கள். கல்வி போர்டின் கஜானா உண்மையிலேயே காலி!

சுமார் 14 ஆயிரம் ஆசிரியர்கள் மாதக் கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். ரொக்கத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டுகளைக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் அந்தச் சீட்டை முழு விலைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். வீட்டை இழந்தவர்கள் உண்டு. பட்டினியோடு வகுப்புக்கு வந்தவர்களும் உண்டு. ஆனாலும் பள்ளிக்கூடங்கள் நடந்தன.

1933 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நகரத்தின் பெரிய பாங்குகளுக்குள் நுழைந்து கூச்சல் போட்டார்கள். அந்தக் கிளர்ச்சிக்கு இளைஞர்கள் தலைமை வகித்தார்கள். ஹேலியின் காலம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. 1934 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் கடன் நிறுவனம், பள்ளி நிலங்களை ஈடாக வைத்து, 2 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தது. சம்பளப் பாக்கி தீர்ந்தது.

மறைவு

1937-ல் பல ஆசிரியர் சங்கங்கள் சேர்ந்து சிகாகோ ஆசிரியர் யூனியன் என்ற ஒரே சங்கம் ஆயின. ஹேலியின் சம்மேளனம் அதில் சேரவில்லை. முதிய தலைவி தன் பழைய சங்கத்தோடேயே இருந்துவிட்டார். ஆசிரியைகள் தனியாகச் சேர்ந்து வளர்த்த சங்கத்தை வேறொன்றில் கரைக்க அவருக்கு மனம் வரவில்லை.

1939-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி மார்கரெட் ஹேலி காலமானார். வயது 77. அவர் எழுதி வைத்த சுயசரிதை, 43 ஆண்டுகளுக்குப் பிறகு, 1982-ம் ஆண்டில்தான் புத்தகமாக வெளிவந்தது. போர்க்களம் என்று பொருள்படும் தலைப்பு. அவர் வாழ்க்கைக்குப் பொருத்தமான தலைப்புதான்.

அவர் விட்டுப்போன கேள்வி

ஹேலியின் காலத்தில் சங்கத்தோடு போர்டு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் சிகாகோவில் வரவில்லை. அது 1960-களில்தான் வந்தது. அதன் பிறகு ஒப்பந்தத்துக்காகப் பல வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2012-லும் 2019-லும் நடந்த வேலைநிறுத்தங்களால் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பள்ளி இல்லாமல் போயிற்று. வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் திண்டாடினார்கள்.

1895-ல் தொடங்கிய அந்தப் பென்ஷன் நிதி இன்றும் இருக்கிறது. கொடுக்க வேண்டிய தொகைக்கு இருக்க வேண்டிய பணத்தில் சுமார் பாதிதான் கையில் இருக்கிறது. மீதி எங்கிருந்து வரும் என்று வரி கட்டுவோர் கவலைப்படுகிறார்கள். உழைத்தவர்களின் பணம் அது, கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள். வேலை உறுதிச் சட்டத்தைப் பற்றியும் இரண்டு பேச்சு உண்டு. நல்ல ஆசிரியரை அதிகாரியின் கோபத்தில் இருந்து காப்பது அது. பாடம் நடத்தத் தெரியாதவரை நீக்கவிடாமல் தடுப்பதும் அதே சட்டம்தான் என்று குறை கூறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழக்குக்கு ஹேலி ஒரே வரியில் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. ஒரு வழியைக் காட்டிப் போனார். சம்பளம் கேட்கிறவர், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். வரி கட்டுகிறவர், தன் பக்கத்தில் கட்டாமல் இருப்பவன் யார் என்றும் பார்க்க வேண்டும். பணம் இல்லை என்று சொல்லுகிறவர், கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

கணக்குப் புத்தகத்தை யாரும் தாமாகத் திறந்து காட்டவில்லை. 6-ம் வகுப்பு ஆசிரியை ஒருவர் லீவு போட்டுவிட்டுப் போய்த் திறந்து பார்த்தார். அதனால்தான் வரி வந்தது. நிறுத்தி வைத்த சம்பளமும் வந்தது!